விலைபோகாத கழிவு: விக்டோரியா கால இலண்டனில் தெருத்துப்புரவும் பனியகற்றலும்

நகர வரலாறுகள் மாளிகைகளையும் பாலங்களையும் விரிவாகப் பேசுகின்றன. அவற்றின் முன்னுள்ள தெருவைப் பெருக்கியவர் யார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. விக்டோரியா அரசியின் காலத்து (1837-1901) இலண்டனில் தெருத்துப்புரவு யாருடைய கடமையாகக் கருதப்பட்டது என்பதை, வெண்பனி அகற்றலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

1855ஆம் ஆண்டின் பெருநகர மேலாண்மைச் சட்டம் தெருக்களைத் தூய்மை செய்யும் பொறுப்பை, திருச்சபைப் பங்குகளின் அடிப்படையில் அமைந்த 'வெஸ்ட்ரி' மன்றங்களிடமும் மாவட்ட வாரியங்களிடமும் ஒப்படைத்தது. இவை துப்புரவுப் பணியை ஒப்பந்தத்திற்கு விடுவதும் வழக்கம். அதற்கொரு பொருளியல் அடிப்படை இருந்தது. வீட்டுச் சாம்பல் செங்கல் செய்வதற்கும், குதிரைச்சாணம் உரத்திற்கும் விலைபோயின. நூற்றாண்டின் முற்பகுதியில் குப்பையள்ளும் உரிமைக்காக ஒப்பந்தக்காரரே பணம் செலுத்தியதும் உண்டு. இலண்டன் உழைப்பாளர் குறித்து 1851இல் விரிவாக எழுதிய ஹென்றி மேஹ்யூ, கூலியாள், பங்கின் உதவிபெறும் வறியோர், தெருக்காவல் துப்புரவாளர், இயந்திரம் என நால்வகைப் பெருக்குமுறைகளைச் சுட்டுகிறார்.

வெண்பனியோ எவரும் வாங்காத கழிவு. அதனை அள்ளுவதில் செலவுண்டு, வரவில்லை. மேலும், 1839ஆம் ஆண்டின் பெருநகரக் காவல் சட்டப்படி வீட்டின் முன்னுள்ள நடைபாதையைத் தூய்மையாக வைத்திருப்பது குடியிருப்போர் கடமை. தவறினால் 40 ஷில்லிங் வரை தண்டம். ஆகவே நடைபாதை குடியிருப்போருக்கும் வண்டிப்பாதை மன்றத்திற்கும் உரியதாக, ஒரே தெரு இரண்டாகப் பிரிந்து நின்றது. நடைபாதையிலிருந்து தள்ளப்பட்ட பனி, அடுத்த கணமே மன்றத்தின் சுமையாயிற்று. 1881 ஜனவரி 18இல் வீசிய பெரும் பனிப்புயலைப் போன்ற நாள்களில் இப்பிரிவினை பொருளற்றது என்பது வெளிப்படை. 1891ஆம் ஆண்டின் இலண்டன் பொதுச் சுகாதாரச் சட்டம் நடைபாதைகளையும் வட்டார நிர்வாகத்தின் கடமைக்குள் கொண்டுவந்தது.

எனினும் மற்றொரு வினா எஞ்சுகிறது. கடுங்குளிரில் கட்டுமான வேலை நின்றுபோக, வேலையிழந்தோர் பனியள்ளும் நாட்கூலிக்குத் திரண்டனர். 1886இல் ஜோசப் சேம்பர்லின் விடுத்த சுற்றறிக்கை, வேலையற்றோர்க்கு வழங்கத்தக்க பணிகளுள் தெருத்துப்புரவையும் சேர்த்தது. ஆனால் கூலி வழக்கமானதைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றது.

மேற்கண்டவற்றால், தெருத்தூய்மை யார் கடமை என்பதற்கு 1891ஆம் ஆண்டுச் சட்டம் விடை கண்டது என்பது பெறப்படும். அதனை எந்தக் கூலிக்கு, எவர் உடலுழைப்பால் நிறைவேற்றுவது என்பதற்கு அது விடை கூறவில்லை. துப்புரவு வரலாற்றைச் சட்டத்தின் வரலாறாக மட்டுமன்றி உழைப்பின் வரலாறாகவும் எழுத வேண்டியதன் தேவை இதனாற் புலனாகும்.