ஆஸ்டியோபதி: ஒரே பெயர், இரண்டு வைத்தியர்கள்

தரமணியில இருந்து சிறுசேரி வரைக்கும் ஐடி வேலை பார்க்கிறவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

"டாக்டர், கழுத்து வலிக்கு ஆஸ்டியோபதி போகலாமா? அமெரிக்காவுல எங்க அக்காவோட ஃபேமிலி டாக்டரே ஆஸ்டியோபத் தான். அப்போ இங்கயும் நம்பிப் போகலாம்ல?"

அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல். அங்கே அந்தப் பெயரில் இருப்பவரும், இங்கே அந்தப் பெயரில் போர்டு வைத்திருப்பவரும் ஒரே படிப்பு படித்தவர்கள் இல்லை. ஏன் அப்படி ஆச்சுங்கிறதுக்கு 150 வருஷக் கதை இருக்கு. அது தெரிஞ்சா போகலாமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2020 அக்டோபர்ல டிரம்ப் கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தது ஞாபகம் இருக்கும். அப்போ மைக் முன்னாடி வந்து பேசிய வெள்ளை மாளிகை மருத்துவர் ஷான் கான்லி. அவர் படித்தது எம்.டி. இல்லை, டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். அமெரிக்காவில் டி.ஓ. என்றால் முழு டாக்டர். மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம், ஐசியூ பார்க்கலாம்.

ஆனால் இதைத் தொடங்கிய மனிதர் மருந்தே வேண்டாம் என்று சொன்னவர்!

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1828ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அப்பா மெதடிஸ்ட் போதகர், கூடவே வைத்தியமும் பார்ப்பார். மகன் அப்பாவிடமே தொழில் கற்றார். அந்தக் காலத்தில் நிறைய பேர் அப்படித்தான் டாக்டர் ஆனார்கள்.

1864ல் அவர் வீட்டில் மூளைக்காய்ச்சல் புகுந்தது. மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்து போனார்கள்.

அன்றைய டாக்டர் பெட்டியில் என்ன இருந்தது என்று யோசிங்க. கலோமல் என்ற பாதரச உப்பு. ஈறு புண்ணாகி எச்சில் ஒழுகும் வரை அதைக் கொடுப்பார்கள், எச்சில் ஒழுகினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அபின். விஸ்கி. பெனிசிலின் புழக்கத்துக்கு வர இன்னும் 80 வருஷம் பாக்கி. வந்த டாக்டர்கள் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டில் மருந்துகள் மேல் முழுசா நம்பிக்கை இழந்தார். எலும்பும் தசையும் அதனதன் இடத்தில் இருந்தால் ரத்த ஓட்டம் சரியாகும், ரத்தம் சரியாக ஓடினால் உடம்பு தன்னைத்தானே சரி செய்துகொள்ளும், டாக்டரின் வேலை கையால் அந்தத் தடையை நீக்குவது மட்டுமே. இதுதான் அவர் கொள்கை. 1874 ஜூன் 22ஐ ஆஸ்டியோபதி பிறந்த நாளாக அவரே குறிப்பிட்டார். பேக்கர் பல்கலைக்கழகத்தில் இதைப் பேச இடம் கேட்டார், கிடைக்கவில்லை. ஊர் ஊராகப் போய் எலும்பு கட்டும் வைத்தியராகப் பிழைத்தார். கடைசியில் 1892ல் மிசௌரி மாநிலத்தின் கெர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் 21 மாணவர்களோடு பள்ளி திறந்தார். அதில் ஐந்து பேர் பெண்கள். (நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் 1875லேயே பெண்களைச் சேர்த்துவிட்டது. அதனால ரொம்ப அசர வேண்டாம்.)

ஸ்டில் சொன்னது சரியா? எல்லா நோய்க்கும் எலும்பு இடம் மாறுவதே காரணம் என்பது தவறு. ஆனால் அவரிடம் போனவர்களுக்குப் பாதரசம் உள்ளே போகவில்லை! அவர் புகழுக்குப் பாதிக் காரணம் அவர் கை. மீதிப் பாதி, அவர் கொடுக்காமல் விட்ட மருந்து. இது என் கணிப்பு.

இங்கிருந்துதான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

அமெரிக்காவில் 1910ல் ஃபிளெக்ஸ்னர் அறிக்கை வந்தது. நாட்டின் மருத்துவக் கல்லூரிகளையெல்லாம் நேரில் பார்த்து எழுதிய அறிக்கை, ஆஸ்டியோபதி கல்லூரிகளைக் கிழித்துத் தொங்கவிட்டது. மூடிவிட்டுப் போகாமல் அவர்கள் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். ஸ்டில் வெறுத்த மருந்தியலே பாடமானது. இரண்டாம் உலகப்போரில் ராணுவம் இவர்களை டாக்டராகச் சேர்க்க மறுத்தது. எம்.டி.க்கள் போர்முனைக்குப் போக, ஊரில் இருந்த நோயாளிகள் டி.ஓ.க்களிடம் வந்தார்கள். 1962ல் கலிபோர்னியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. 65 டாலர் கட்டினால் டி.ஓ. பட்டத்தைக் கொடுத்துவிட்டு எம்.டி. பட்டம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள், சுமார் 2,000 பேர் வாங்கினார்கள். 1966ல் ராணுவமும் கதவைத் திறந்தது. இன்று இரண்டு பட்டத்துக்கும் மேற்பயிற்சி ஒன்றுதான். பெரும்பாலான டி.ஓ.க்கள் கை வைத்தியம் அதிகம் செய்வதே இல்லை.

அதாவது உங்க அக்காவோட ஃபேமிலி டாக்டர், டாக்டர்தாங்க.

பிரிட்டன் போன பாதை வேறு. ஸ்டிலிடம் படித்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917ல் லண்டனில் ஆஸ்டியோபதி பள்ளி தொடங்கினார். 1935ல் அங்கீகாரம் கேட்டு பிரபுக்கள் சபைக் குழு முன் போய், குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே ஆஸ்டியோபத் மருத்துவர் ஆகவில்லை, கையால் சிகிச்சை தருபவராகவே நின்றார். 1993ல்தான் தனிச் சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டால் அங்கே குற்றம். உலகின் பல நாடுகளிலும் நம்ம ஊரிலும் ஆஸ்டியோபதி என்று நடப்பது இந்த இரண்டாவது வகை.

இந்த எலும்பு கட்டும் கலை அமெரிக்காவில் பிறந்ததும் இல்லை. பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்த குடும்பங்கள் இருந்தன. படித்த டாக்டர்களுக்கு அவர்கள் இளக்காரம். ஆனால் 1867ல் லண்டனின் பெரிய சர்ஜன் ஜேம்ஸ் பேஜெட், இவர்கள் குணப்படுத்தும் கேஸ்களைப் பற்றியே ஒரு உரை நிகழ்த்தினார். நாம் அசையாமல் கட்டிப்போட்டு மூட்டை இறுக வைத்துவிடுகிறோம், அவர்கள் அசைத்து விடுவிக்கிறார்கள், நல்லதைக் கற்றுக்கொள்ளுங்கள், கெட்டதை விடுங்கள் என்பது அதன் சாரம்.

லிவர்பூலில் ஈவன் தாமஸ் என்றொரு எலும்பு கட்டும் வைத்தியர். டாக்டர்கள் தொடுத்த வழக்குகளால் நொந்து, ஐந்து மகன்களையும் மருத்துவம் படிக்க அனுப்பினார். அதில் ஒருவர் ஹியூ ஓவன் தாமஸ். குடும்பக் கைப்பழக்கமும் உடற்கூறியலும் சேர்ந்து 'தாமஸ் ஸ்பிளின்ட்' பிறந்தது. முதல் உலகப்போரில் தொடை எலும்பு முறிந்த எத்தனையோ வீரர்களைப் பிழைக்க வைத்த கருவி. இன்றைக்கும் நம்ம அரசு ஆஸ்பத்திரி எலும்பு வார்டுகளில் அதைப் பார்க்கலாம்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். சென்னையில் 'புத்தூர் கட்டு' போர்டு பார்க்காதவர் யார்? சென்னை–ரேணிகுண்டா ரயில் பாதையில் இருக்கும் புத்தூர், 1953 வரை நம்ம மாகாணத்து ஊர். பக்கத்துக் கிராமத்து கேசவ ராஜு குடும்பம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வைத்தியம் என்பார்கள். பச்சிலை அரைத்த விழுது, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் சிம்பு, துணிக்கட்டு. விலகாத முறிவு இதில் கூடும், ஏன்னா எலும்புக்குத் தானாகக் கூடும் குணம் உண்டு. ஆனால் கீழே விழுந்த குழந்தையின் முழங்கை வீங்கிக்கொண்டே இருக்கும்போது இறுக்கமாகக் கட்டினால், ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். பிறகு அந்தக் கை வாழ்நாள் முழுக்க மடங்கியே நிற்கும். விரல் நீலமானாலோ, மரத்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ கட்டை உடனே அவிழ்க்கணும் என்ற ஒரு பாடம் போதும், பல கைகள் தப்பிக்கும். லிவர்பூலில் நடந்த கொடுக்கல் வாங்கல் இங்கே நடக்கவே இல்லை. நாம கேலி பண்ணினோம், அவங்க ஒதுங்கிக்கிட்டாங்க. அடிபட்டது குழந்தைங்க.

சரி, ஆஸ்டியோபதியில் என்னதான் செய்வாங்க? முதலில் நிறையக் கேட்பாங்க. எங்கே வலி, எப்படி உட்காருறீங்க, எப்படித் தூங்குறீங்க. நிற்க வைத்து, குனிய வைத்துப் பார்ப்பாங்க. பிறகு தசையைப் பிசைவது, மூட்டை மெதுவாக அசைப்பது, நீங்க ஒரு பக்கம் தள்ள அவர் எதிர்ப்பக்கம் பிடிப்பது, சில சமயம் 'டக்'னு ஒரு சொடுக்கு. நம்ம சித்த மருத்துவத்தில் தொக்கணம் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். பெரும்பாலானவை இங்கேயும் உண்டு! அந்த 'டக்' சத்தம், விலகிய எலும்பு இடத்துக்குத் திரும்பும் சத்தம் இல்லைங்க. மூட்டு நீரில் இருக்கும் வாயுவின் வேலை, விரலில் சொடக்கு எடுப்பது போலத்தான்.

பலன் உண்டா? கீழ்முதுகு வலிக்கு ஓரளவு உண்டு. 1999ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 155 பேர். 12 வாரம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஆஸ்டியோபதி பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஆஸ்டியோபதி பக்கம் மாத்திரை குறைவாகத் தேவைப்பட்டது. 2004ல் பிரிட்டனில் 1,334 பேரை வைத்து நடந்த ஆய்வில் கை சிகிச்சையோடு உடற்பயிற்சியும் சேர்ந்தபோது பலன் கொஞ்சம் கூடியது. அந்தக் கை சிகிச்சையைச் செய்தவர்கள் ஆஸ்டியோபத், கைரோபிராக்டர், பிசியோதெரபிஸ்ட் மூன்று பேரும்தான். 2021ல் பாரிஸில் 400 பேர். போலி சிகிச்சையோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் மிகச் சின்னது, நோயாளி உணரும் அளவுக்கு இருக்குமா என்பதே சந்தேகம்.

சுகர், ஆஸ்துமா, குழந்தையின்மை எல்லாம் இதில் குணமாகும் என்றால் எழுந்து வந்துடுங்க. மண்டையோட்டு எலும்பைத் தொட்டு மூளை நீரின் ஓட்டத்தைச் சரி செய்கிறேன் என்பதற்கும் நல்ல ஆதாரம் கிடையாது.

யார் போகவே கூடாது? முதுகு வலியோட காய்ச்சலோ எடை குறைவோ இருப்பவர்கள். நம்ம ஊர்ல முதுகெலும்பு டிபி இன்னும் இருக்கு, அதைப் பிடித்து முறுக்கினால் கால் செயலிழந்து போகலாம். புற்றுநோய் வந்தவர்கள், எலும்பு தேய்ந்த வயசானவங்க, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க. சிறுநீர் கட்டிக்கிட்டாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ அது எமர்ஜென்சி, நேரா ஆஸ்பத்திரிதான்.

இங்கே ஆயுஷ் பட்டியலில் ஆஸ்டியோபதி இல்லை. பிரிட்டன் மாதிரி பதிவேடும் கிடையாது. அதனால நீங்கதான் கேட்கணும். அடிப்படையில் என்ன படிச்சிருக்கீங்க, பிசியோவா, மருத்துவரா? ஆஸ்டியோபதி எத்தனை வருஷம், எங்கே படிச்சீங்க? இந்த வலிக்கு எத்தனை முறை வரணும், வலி குறையலைன்னா எப்போ நிறுத்துவீங்க? தயங்காம பதில் சொல்றவர்கிட்ட போங்க. இருபது சிட்டிங் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்கிறவர்கிட்ட வேண்டாம்.

கழுத்தை 'டக்'னு திருப்பப் போறேன்னு சொன்னா, வேணாம்னு சொல்லுங்க. அபூர்வம்தான், ஆனா கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க இருக்காங்க. அந்தச் சொடுக்கு இல்லாமலும் கழுத்து வலிக்குச் சிகிச்சை செய்யலாம். நல்ல ஆஸ்டியோபத்துக்கு அது தெரியும்.