நன்னீர் மீன்களின் குருதியில் பூச்சிக்கொல்லி விளைவுகள்: ஓசூர், கிருஷ்ணகிரி நீர்நிலைகள்

நீரில் கலக்கும் பூச்சிக்கொல்லி, மீனைக் கொல்லும் அளவை எட்டாதபோதும் அதன் குருதியை மாற்றிவிடுகிறது. செத்து மிதக்கும் மீன்களை எண்ணுவது காலங்கடந்த கணக்கு; நீந்திக்கொண்டிருக்கும் மீனின் குருதியே முன்கூட்டி எச்சரிக்கும். அந்தச் சோதனை மிகவும் தேவைப்படும் இடங்களில் ஒன்று ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம்.

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே வரும் கழிவுநீரையும் சுமந்துகொண்டு தமிழகத்துக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அணையிலிருந்து நீர் திறக்கும்போது ஆற்றில் நுரை பொங்குவது பலமுறை செய்தியாகியிருக்கிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை நோக்கிப் போகும் வழியில் தக்காளி வயல்கள், ரோஜா பசுமைக்குடில்கள், மாந்தோப்புகள். மாம்பூவைத் தத்துப்பூச்சி தாக்கும் பருவத்தில் தோப்புகளில் மருந்தடிப்பு கூடும். தெளித்ததில் ஒரு பங்கு மழைநீரோடு ஓடைக்கும் ஏரிக்கும் போய்ச் சேரும்.

நஞ்சு முதலில் தொடுவது செவுளை. அங்கே சவ்வு சிதைந்தால் ஆக்சிஜன் வரத்து குறையும். உள்ளே போன நஞ்சு சிவப்பணுக்களின் மேலுறையை ஆக்சிஜனேற்றத்தால் உடைக்கிறது. புதிய அணுக்கள் உருவாகும் தலைச்சிறுநீரகத்தையும் பாதிக்கிறது. சிவப்பணு எண்ணிக்கையும் ஹீமோகுளோபினும் சரிகின்றன. வெள்ளையணுக்கள் பெரும்பாலும் கூடுகின்றன. நெருக்கடியில் சுரக்கும் கார்டிசால் முதலிய ஹார்மோன்கள் குருதிச் சர்க்கரையை ஏற்றுகின்றன. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாக் கெண்டையில் குளோர்பைரிபாஸ் (2008), லிண்டேன் (2011) ஆகியவற்றின் குருதி விளைவுகளை ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் இன்னும் கொடியவை. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே பல மீன்களைக் கொன்றுவிடும்.

மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. மீனின் சிவப்பணுவில் உண்டு. மரபுப்பொருள் சிதைந்தால், பெரிய உட்கருவின் அருகே ஒரு சிறு துணுக்கு தனித்து நிற்கும். இதுவே நுண்கரு. வால் பகுதிச் சிரையில் சில துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றினால் சாதாரண நுண்ணோக்கியிலேயே இதை எண்ணிவிடலாம். செலவு குறைந்த இந்தச் சோதனையை ஒரு கல்லூரி விலங்கியல் துறையே செய்ய முடியும்.

ஆனால் ஆய்வுக்கூடத் தொட்டியில் கிடைக்கும் தெளிவு தென்பெண்ணையில் கிடைக்காது. தொட்டியில் நஞ்சு ஒன்றுதான். ஆற்றில் சாக்கடை, சலவைப்பொருள், ஆலைக்கழிவு, பூச்சிமருந்து எல்லாம் ஒன்றாய் வருகின்றன. சலவைப்பொருள்களும் செவுளைச் சிதைக்கும். சாக்கடையால் ஆக்சிஜன் குறையும்போது மண்ணீரல் சுருங்கிச் சேமிப்பிலுள்ள சிவப்பணுக்களைக் குருதியில் தள்ளும். பூச்சிக்கொல்லி எண்ணிக்கையைக் குறைக்க, ஆக்சிஜன் பஞ்சம் அதைக் கூட்ட, நோயுற்ற மீனின் அறிக்கை இயல்பானதாகவே தெரியக்கூடும். இங்கே சிவப்பணு எண்ணிக்கையை மட்டும் வைத்து "பாதிப்பில்லை" என்று சொல்வது தவறு.

ஆகவே குருதியோடு மூளையின் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதியையும் அளக்க வேண்டும். அது வெகுவாகத் தாழ்ந்திருந்தால் ஆர்கனோபாஸ்பேட் அல்லது கார்பமேட் வகை மருந்தின் மீது சந்தேகம் வலுக்கும். பைரித்ராய்டுகளை இந்த நொதி காட்டித்தராது. அவற்றுக்கு நீரிலும் சேற்றிலும் எச்சப் பகுப்பாய்வு வேண்டும். மாதிரிகளைக் கெலவரப்பள்ளிக்கு மேலேயும் கீழேயும், மருந்தடிப்புக்கு முன்னும் முதல் மழைக்குப் பின்னும் எடுத்தால்தான் நகரக் கழிவின் பங்கையும் தோட்ட மருந்தின் பங்கையும் பிரித்தறிய வழி பிறக்கும்.