பிரித்தானியரின் நண்பர்

கண்டி மாநகரை விட்டு மகாவலி கங்கையைக் கடந்து கிழக்கே செல்வோர் பல்லேகலவை அடைவர். அதற்கு அப்பால் மலைமேல் மலையாக உயர்ந்து செல்வது தும்பறைப் பிரதேசம். 1815ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், ஆங்கிலப் படை தலைநகரை நெருங்கியபோது, கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரமராஜசிங்கன் அம்மலைகளிலேயே புகலிடம் தேடினான். 18ஆந் திகதி மெதமகாநுவரப் பகுதியில் அவன் பிடிபட்டான். அவனைப் பிடித்தவர்கள் அவனுடைய பழைய அமைச்சன் எகலப்பொலவின் ஆதரவாளர்கள்.

எகலப்பொல மன்னனை வெறுத்ததற்குக் காரணம் இருந்தது. 1814இல் அவர் கிளர்ச்சி செய்து ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். மன்னனோ அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொல்வித்தான். அக்கொடுமையை எவரும் மறுக்க இயலாது. ஆயின், கொடியவனுக்குப் பகைவன் நல்லவனாகவே இருப்பான் என்று எண்ணியதிலேதான் பிழை நேர்ந்தது.

அவ்வெண்ணத்தை வளர்த்தவர் ஜோன் டொயிலி. சிங்களத்தில் வல்லவரான இவ்வதிகாரி, கண்டிப் பிரதானிகளுடன் ஓலை வாயிலாக நெடுநாள் தொடர்பு பூண்டிருந்தார். தம் மொழியிலே இனிமையாகப் பேசிய ஒருவரைக் கொண்டு, கடல் கடந்து வந்த ஒரு பேரரசின் உள்ளத்தையே அவர்கள் மதிப்பிட்டுவிட்டனர்.

1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி உடன்படிக்கை ஏற்பட்டது. மன்னன் நீக்கப்பட்டான், ஆட்சியுரிமை இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்குச் சென்றது. பௌத்த சமயத்துக்கும் பிரதானிகளின் உரிமைகளுக்கும் காப்பு வாக்களிக்கப்பட்டது. அரியணை தமக்கே கிட்டுமென எகலப்பொல எதிர்பார்த்திருந்தார் என்பர். அவருக்குக் கிட்டியதோ, 'பிரித்தானிய அரசின் நண்பர்' என்னும் பட்டமே.

மூன்றாண்டுகள் செல்லுமுன் மயக்கம் தெளிந்தது. 1817இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சி மறுவருடம் கடுமையாக அடக்கப்பட்டது. கிளர்ச்சியை ஒடுக்க அனுப்பப்பட்டு, பின்னர் கிளர்ச்சியாளருடனேயே சேர்ந்துகொண்ட கெப்பெட்டிப்பொல திசாவை 1818 நவம்பர் 26இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதற்கு ஐந்து நாள் முன்னர் வெளியான பிரகடனம் பிரதானிகளின் அதிகாரங்களைப் பெரிதும் குறைத்துவிட்டது. ஐயத்துக்குள்ளான எகலப்பொலவும் அதே ஆண்டில் சிறைப்பட்டார். 1825இல் மொரீசியசுத் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே மாண்டார். அவர் பகைத்த மன்னனோ, வேலூர்க் கோட்டையில் கைதியாயிருந்து 1832இல் உயிர் துறந்தான்.

பகைவர் இருவரையும் இறுதியிற் காவல் வைத்தது ஒரே அரசு. அமைச்சர் தம் மன்னனின் குற்றங்களை நன்கு அறிந்திருந்தார். தமக்குக் கை கொடுத்தவர்களின் நோக்கத்தை மட்டும் ஆராய்ந்து பார்க்கத் தவறினார். பல்லேகலவுக்கு அப்பால் நிற்கும் தும்பறை மலைகள் இன்றும் நினைவூட்டுவது அந்தத் தவற்றையே.