உஷா ஐயரின் ஆங்கில இசைத்தட்டுகள்

பின்னாளில் உஷா உதூப் என்று நாடறிந்த பாடகி, 1960களின் கடைசியில் உஷா ஐயர் என்ற பெயரில் பாடிப் பதிவுசெய்த ஆங்கிலப் பாடல்கள் இவை. மேல்நாட்டில் ஒருவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை இன்னொருவர் தம் குரலில் பாடி வெளியிடும் 'கவர்' வகையைச் சேர்ந்தவை.

உஷா 1947 நவம்பரில் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை காவல்துறை அதிகாரி. வீட்டில் அக்காமார்களும் பாடகிகள். பள்ளியிலோ, பெண்குரலுக்கு இவ்வளவு கனம் ஆகாது என்று பாட்டு வகுப்பில் அவரைச் சேர்க்கவில்லை. முறையான சங்கீதப் பயிற்சியும் அவருக்குக் கிடையாது. காது நிறைய வானொலி இருந்தது. இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் அமீன் சயானி சிறுவயதிலேயே அவரைப் பாட வைத்தார். அங்கே பாடியதும் ஓர் ஆங்கிலப் பாட்டுதான்.

தொழிலாகப் பாடத் தொடங்கிய இடம் சென்னை. மவுண்ட் ரோட்டில் சஃபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று மூன்று திரையரங்குகள் ஒரே வளாகத்தில் இருந்தன. அதன் கீழ்த்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதி. சேலை கட்டிய இருபது வயதுப் பெண் மேடையேறி, கனத்த அடிக்குரலில் ஆங்கிலப் பாட்டை எடுத்ததும் கூட்டம் சொக்கிப்போனது. ஒருநாள் பாட வந்தவரை ஒரு வாரம் பாடச் சொன்னார் உரிமையாளர். அடுத்து கல்கத்தா 'டிரிங்காஸ்', டெல்லி ஓபராய் என்று மேடைகள் விரிந்தன. இரவு விடுதிப் பாடகி என்றால் கவுன்தான் போடவேண்டும் என்ற வழக்கத்தை அவருடைய பட்டுச்சேலையும் பெரிய பொட்டும் மாற்றிப்போட்டன.

1968இல் அவர் இரண்டு பாடல்களைப் பதிவுசெய்தார். ஒன்று, ஹாங்க் வில்லியம்ஸ் 1952இல் பாடிய 'ஜம்பாலயா'. மற்றது, கிங்ஸ்டன் டிரியோ குழுவால் பிரபலமான 'கிரீன்பேக் டாலர்'. அதே குழுவின் 'ஸ்காட்ச் அண்ட் சோடா'வையும் பாடினார். இவை இந்தியச் சந்தையில் நன்றாகவே விற்றன. மூலத்தைப் படியெடுக்காததுதான் இவற்றின் பலம். 'ஸ்காட்ச் அண்ட் சோடா' ஓர் ஆண் மெதுவாக, தனக்குத்தானே பாடிக்கொள்ளும் பாட்டு. பெண்ணின் தாழ்ந்த குரலில் அதன் மயக்கமே வேறாகிவிடுகிறது. பள்ளியில் குறையாகச் சொல்லப்பட்ட கனம்தான் அந்த வேறுபாட்டைத் தந்தது.

வேற்றுமொழிப் பாட்டைத் தனதாக்கும் இந்தத் திறமை கென்யா வரை சென்றது. நைரோபியில் சுவாஹிலி மொழியின் 'மலைக்கா'வைப் பாடி மக்களைக் கவர்ந்தார். 'ஃபெலினி ஃபைவ்' என்ற உள்ளூர்க் குழுவோடு அங்கு நடத்திய கச்சேரியும் இசைத்தட்டாக வந்தது.

தமிழ்ப் படங்களும் அவரை ஆங்கிலம் வழியாகவே அறிந்தன. ஏ. பி. நாகராஜனின் 'மேல்நாட்டு மருமகள்' (1975) படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் அவர் பாடியது ஆங்கிலப் பாட்டு. இளையராஜாவின் 'அஞ்சலி' (1990) பாட்டுத்தான் அவரைச் சிற்றூர்கள்வரை கொண்டுபோனது. 2011இல் பத்மஸ்ரீயும் 2024இல் பத்மபூஷணும் பெற்றார்.

இந்த ஆங்கிலத் தட்டுகளுக்குத் தமிழிசை வரலாற்றில் இன்னும் உரிய இடம் இல்லை. சென்னையில் தொடங்கிய ஒரு தமிழ்ப்பெண்ணின் முதல் பதிவுகள் அவை. இடம் தரத்தான் வேண்டும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் பழைய மைக் செட்காரர்கள் வீட்டுப் பரணில் 'உஷா ஐயர்' என்று அச்சிட்ட தட்டு ஏதும் கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களுக்குச் சொல்லுங்கள்.