மலையனூர்க் கப்பரை

செஞ்சிக்கு வடக்கே உள்ள மேல்மலையனூரின் தலக்கதை, பிச்சை எடுத்த ஒரு கடவுளைப் பற்றியது. பிரமனுக்கும் சிவனைப் போல ஐந்து தலை இருந்த காலம். பார்வதி ஆள் தெரியாமல் பிரமனை வணங்கிவிட, சிவன் அந்த ஐந்தாம் தலையைக் கிள்ளினார். கிள்ளிய தலை கையிலேயே ஒட்டிக்கொண்டது. பிரமகத்தி பிடித்த சிவன் சுடுகாடு சுடுகாடாக அலைந்தார். வீட்டுக்கு வீடு கை நீட்டினாலும், விழுந்த சோற்றையெல்லாம் கபாலமே தின்றுவிட்டது. சாபத்துக்கு ஆளான பார்வதியும் ஊர் ஊராகத் திரிந்து, மலையனூரில் புற்றாக அமர்ந்திருந்தாள். அங்கே சிவன் வந்து நின்றபோது அவள் மூன்று கவளம் எடுத்தாள். இரண்டைக் கபாலத்தில் இட்டாள். மூன்றாவதைக் கை தவறியது போலத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் சிவனின் கையை விட்டுச் சோற்றைப் பொறுக்கக் கீழே இறங்கியது. அந்த நொடியில் அவள் அங்காளியாக ஓங்கி வளர்ந்து அதைக் காலால் மிதித்தாள்.

சிவன் பிரமனின் தலையைக் கொய்த இடமாகத் தஞ்சைக்கு அருகிலுள்ள திருக்கண்டியூரைச் சைவர்கள் சொல்வார்கள். திருச்சிக்குப் பக்கத்து உத்தமர்கோவிலில் பூரணவல்லித் தாயார் இட்ட பிச்சையால் கபாலம் நிறைந்தது என்பது அவ்வூர்க் கதை. காசியில் தீர்த்தத்தில் முழுகித்தான் பாவம் தீர்ந்தது. மலையனூரில் சிவனை விடுவித்தது தீர்த்தமும் அல்ல, நிறைந்த பாத்திரமும் அல்ல. இட்டதையும் தாண்டி இறைத்த சோறுதான் பிச்சையை முடித்துவைக்கிறது. பசியை நன்றாக அறிந்தவர்களால்தான் கதையை இப்படி முடிக்க முடியும். கோயில் பூசையும் பரம்பரையாகச் செம்படவர்கள், அதாவது பருவதராஜ குலத்தார் கையில்தான் இருந்து வருகிறது.

கல்லிலும் செம்பிலும் வந்த பிட்சாடனர், அதாவது பிச்சைக்கோலச் சிவன், வேறு வகை. சோழர் காலத்துச் சிற்பி அவரை இளமையும் ஒயிலும் கூடியவராக வடித்தான். ஆடையில்லாத மேனி, காலில் பாதுகை, துள்ளி எழும் மான், பிச்சைப் பாத்திரத்தைத் தலையில் தாங்கிய குறள்பூதம் என்று அந்த உருவுக்கு ஓர் இலக்கணமே உண்டு. திருவெண்காட்டில் கிடைத்து, தஞ்சை கலைக்கூடத்தில் நிற்கும் 11ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி இதற்கு நல்ல சான்று. தாருகாவனத்து முனிவர்களின் மனைவியரை மயக்க வந்த அந்த அழகனுக்குப் பசித்ததாக யாருக்கும் தோன்றாது. மலையனூர்ச் சிவனோ பித்துப் பிடித்து, சாம்பல் பூசி, வயிறு ஒட்டி வந்தவர்.

அந்தப் பசிக்கு ஆண்டுதோறும் சோறு இறைக்கும் விழாதான் மயானக் கொள்ளை. மாசி மாதத்தில் மகா சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் அது நடக்கிறது. சுடுகாட்டில் அவித்த பயறு, சுண்டல், கொழுக்கட்டை, காய்கறி, தானியம் எல்லாம் குவிக்கப்படுகின்றன. விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொட்டுகிற விவசாயிகள் ஏராளம். காளி வேடம் போட்டவர்கள் ஆடிக்கொண்டு வர, அம்மன் மயானத்துக்கு வந்து சேர்ந்ததும் கொள்ளை விடப்படுகிறது. இறைத்ததை யார் வேண்டுமானாலும் அள்ளலாம். அள்ளிய தானியத்தை விதையோடு கலந்தாலோ நிலத்தில் தூவினாலோ விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. ஆகவே நிலக்காரரும் கூலிக்காரரும் ஒரே மண்ணில் குனிந்து பொறுக்குகிறார்கள். அங்காளம்மன் வழிபாட்டில் எடுத்துவரும் பாத்திரத்துக்குக் கப்பரை என்று பெயர். பிச்சைக்காரன் கையிலுள்ள ஓட்டுக்கும் கபாலத்துக்கும் தமிழில் அதே பெயர்தான்.

கேட்பதற்கும் கொடுப்பதற்கும் தமிழில் உள்ள சொற்கள் மனிதரைத் தரம் பிரிப்பவை. தொல்காப்பியம் இதை வெளிப்படையாகவே விதியாக்கியது. தாழ்ந்தவன் கேட்கும் சொல் ‘ஈ’, ஒத்தவன் கேட்கும் சொல் ‘தா’, உயர்ந்தவன் கேட்கும் சொல் ‘கொடு’. கேட்கிற ஒருவன் வாய் திறந்ததுமே அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பது தெரிந்துவிடும். திருக்குறள் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, இரவு, இரவச்சம் என்று இரண்டை அடுத்தடுத்து வைத்தது. இரந்துதான் வாழவேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று அங்கே வள்ளுவர் கோபப்படுகிறார். அருளும் கண்ணோட்டமும் குறளில் தனித்தனி அதிகாரங்கள். கண்ணோட்டம் என்பது பார்த்த மாத்திரத்தில் மனம் இளகுவது.

இச்சொற்கள் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. பிலிப்பைன்சின் செபுவானோ மொழியில் பிச்சைக்கு வழங்கும் ‘லிமோஸ்’ ஸ்பானியரோடு வந்த சொல். இரக்கத்தைச் சொல்லும் ‘லுஓய்’ அம்மொழியின் சொந்தச் சொல். தமிழிலும் பிச்சை, யாசகம், தருமம் மூன்றும் வடக்கிலிருந்து வந்தவை. இரக்கமும் பரிவும் இங்கேயே பிறந்தவை. வடக்கிலிருந்து வந்த ‘பாவம்’ மட்டும் இங்கே ஒரு புதுப்பொருளை ஏற்றது. செய்த தீவினையும் பாவம், அதனால் அல்லற்படுகிறவரைப் பார்த்து வாயில் வருவதும் பாவம். மலையனூர்ச் சிவனுக்கு இரண்டும் பொருந்தும்.

கை ஏந்துவதை இழிவாகக் கருதிய அதே சமூகம், அதை நேர்த்திக்கடனாகவும் வைத்திருந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், வசதியான வீட்டுப் பெண்ணும் முந்தானையை விரித்து நாலு வீட்டில் மடிப்பிச்சை கேட்பாள். சேர்ந்தது அம்மனுக்குப் போகும். ஆடியில் ஊற்றும் கூழுக்கான கேழ்வரகும் வீடு வீடாகக் கேட்டு வாங்கியதுதான். புரட்டாசிச் சனிக்கிழமையில் நாமம் போட்டுக்கொண்டு கோவிந்தா சொல்லி அரிசி கேட்கும் பிள்ளைகள் யாரும் ஏழைகளாக இருக்கவேண்டியதில்லை. பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்ததற்குப் பிச்சை, பிச்சையம்மாள் என்று பெயர் வைப்பார்கள். சாமியிடம் கேட்டு வாங்கிய பிள்ளை என்பது அதன் பொருள்.

செஞ்சி வட்டாரத்துக்கு இன்னொரு பழைய இரவலர் மரபும் உண்டு. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் 24 சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டதை அங்குள்ள கல்வெட்டு ஒன்று பதிவு செய்கிறது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இருக்கிறது. திகம்பரத் துறவி பாத்திரம் வைத்துக்கொள்வதில்லை. நாளுக்கு ஒரு முறை, நின்றபடி, கையில் வைக்கப்பட்டதை மட்டும் உண்பார். வாய் விட்டு எதையும் கேட்கமாட்டார். அவருக்கு உணவிடும் பேறு கிடைக்காதா என்று காத்திருப்பது வீட்டுக்காரர்தான்.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மறுகோடியில், வடலூரில், 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்தவரிடம் சாதியோ சமயமோ ஊரோ கேட்கக்கூடாது என்பது அவர் வைத்த ஒழுங்கு. இரக்கத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் சீவகாருண்யம். அதுவே கடவுள் வழிபாடு என்றார். பத்தே ஆண்டில் 1876–78 தாதுவருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உருக்குலைத்தது. ஊர் ஊராகக் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டதை எந்த நியாயத்தாலும் மன்னிக்க முடியாது.

சென்னை மாகாணத்தில் பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1945இல் வந்தது. கை ஏந்துவது அதிலிருந்து குற்றமானது. டெல்லியில் நடைமுறையிலிருந்த இத்தகைய சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018 ஆகஸ்டில் அந்நகரின் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்றக் கோரிய மனுவை 2021 ஜூலையில் விசாரித்த உச்ச நீதிமன்றமும், வேறு வழி இல்லாததால்தான் மக்கள் கை ஏந்துகிறார்கள் என்று கூறி, அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது.