சாம்பியன் ரீஃபின் ஆழமும் சாய்ந்து வந்த துகள்களும்

விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் துகளின் பிறப்பிடத்தைக் கண்டறிவது எளிதன்று. புரோட்டான் போன்ற மின்னூட்டமுடைய துகள்களைக் காந்தப்புலங்கள் வழியெங்கும் வளைத்துவிடுவதால், அவை வந்துசேரும் திசை புறப்பட்ட இடத்தைச் சுட்டாது. மின்னூட்டமற்ற நியூட்ரினோ நேராக வரும். ஆனால் எதனோடும் அரிதாகவே மோதும் அதனை இனங்காண, பிற துகள்கள் எட்டாத ஆழம் வேண்டும். கோலார் தங்கவயலில் அந்த ஆழம் இருந்தது.

ஹோமி பாபாவின் தூண்டுதலால் 1951இல் பி. வி. ஸ்ரீகண்டன் அங்கு மியுவான்களை அளக்கத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் ஆழத்தில் வைக்கப்பட்ட கருவி, இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒரு மியுவானைக்கூடப் பதிவு செய்யவில்லை. அந்த வெறுமையே பெரும் கண்டுபிடிப்பு எனலாம். நியூட்ரினோவைத் தேட அதனினும் தகுந்த இடம் வேறென்ன?

1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். எம். ஜி. கே. மேனன், மியாகே, வுல்ஃபென்டேல் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகள் சுவர்போல நிறுத்தப்பட்டன; நியான் குழாய்கள் துகளின் தடத்தைக் காட்டின. வளிமண்டலத்தில் உண்டாகும் மியுவான் அவ்வளவு ஆழத்தை எட்டுவதாயின் ஏறக்குறைய செங்குத்தாகவே வரவேண்டும். சாய்ந்து வந்தால் கடக்கவேண்டிய பாறை பன்மடங்காகும். ஆகவே மிகச் சாய்ந்த தடம், அருகிலிருந்த பாறையில் நியூட்ரினோ மோதியதன் அடையாளம். கோணமே அங்குச் சான்றாயிற்று.

அக்கட்டுரை 1965 ஆகஸ்ட் 15இல் வெளிவந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ஆய்ந்த ரைனஸ் குழுவின் கட்டுரை ஆகஸ்ட் 30இல் வந்தது. எனினும் அவர்கள் முதல் நிகழ்வைப் பதிவு செய்தது பிப்ரவரி 23. முதன்மை யாருக்கு என்னும் வழக்கில் இவ்விரு தேதிகளையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

அந்த ஆழம் அறிவியலுக்காகத் தோண்டப்பட்டதன்று. 1880கள் முதல் பொன்னுக்காக அதைக் குடைந்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர். அவர்களில் தலித்துகள் மிகுதி. பாறை வெடிப்பிலும் நுரையீரல் நோயிலும் மாண்டவர் பலர். இயற்பியல் வரலாறுகளில் இவர்களைக் காண்பது அரிது.

கோலாரில் பிடிபட்டவை வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களே. தொலைதூர மூலத்தை நோக்கித் தடம் நீண்டது 2017 செப்டம்பர் 22இல்தான். அன்று அண்டார்க்டிகாவின் ஐஸ்கியூப் பதிவு செய்த நியூட்ரினோவின் திசையில், சுமார் 400 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பிளேசார் ஒன்று இருந்தது. தங்கவயல் அதற்கு முன்பே, 2001 பிப்ரவரி 28இல், மூடப்பட்டுவிட்டது. நீரிறைக்கும் பொறிகள் நின்றபின் ஆழ்தளங்களில் நீர் ஏறியது.