செப்படி வித்தை: தெருவிலிருந்து பாருக்குப் போன கதை

பட்ஜெட் வந்த மறுநாள் பேப்பரைப் பிரிச்சா, "இது வெறும் செப்படி வித்தை"ன்னு யாராவது ஒரு தலைவர் அறிக்கை விட்டிருப்பார். எந்தக் கட்சி ஆண்டாலும் எதிர்க்கட்சிக்கு இந்த வசனம் ரெடியா இருக்கும். ஏமாத்து வேலைன்னு அர்த்தம். ஆனா முதல்ல இது திட்டு இல்லைங்க, ஒரு தொழிலோட பேர்.

செப்புன்னா சின்னக் கிண்ணம், டப்பி. குழந்தைங்க வெச்சு விளையாடற சொப்பு சாமான் இருக்கே, அந்தச் சொப்பும் இதே செப்புதான். அகராதியில 'செப்பிடு வித்தை'ன்னு போட்டிருக்கும், பேச்சுல அது செப்படி ஆயிடுச்சு. மூணு கிண்ணம், சில துணிப் பந்து. இந்தக் கிண்ணத்துக்குள்ள வெச்ச பந்து அந்தக் கிண்ணத்துக்குள்ள இருக்கும். ஒண்ணு மூணாகும், மூணும் காணாமப் போகும். கடைசியில எலுமிச்சம்பழமோ வேற எதுவோ வந்து நிக்கும். பார்க்கிறவனுக்கும் காட்டுறவனுக்கும் நடுவுல ரெண்டு அடி தூரம்கூட இருக்காது.

இதைத்தான் இன்னிக்கு உலகம் பூரா 'க்ளோஸ்-அப் மேஜிக்'னு சொல்றாங்க. அதைப் பார்க்கறதுக்குன்னே பார் கட்டி, டிக்கெட் போட்டு, மாசக்கணக்குல முன்பதிவு பண்ணிக் காத்திருக்காங்க. அம்பத்தூர் எஸ்டேட்டுல ஐடி கம்பெனிங்க வந்ததுக்கப்புறம் நம்ம பக்கத்துப் பசங்க நிறைய பேர் ஆன்சைட் போறாங்க. எனக்கு மேஜிக் கிறுக்கு உண்டுன்னு தெரிஞ்சவங்க "அண்ணே, அங்க என்ன பார்க்கலாம்?"னு கேட்பாங்க. அவங்களுக்கு நான் சொல்றதை எல்லாருக்குமா எழுதிடலாம்னுதான் இந்தப் பதிவு. கூடவே கொஞ்சம் சரித்திரம்.

மேஜிக் பாருக்கு முக்கியமான ஊர் சிகாகோ. அங்க மேட் ஷூலியன்னு ஒருத்தர் இருந்தார். குடும்பமே ஜெர்மன் சாப்பாட்டுக்கடை நடத்தினது. ஆள் நல்ல ஆகிருதி. மேஜை மேஜையா போய் சீட்டுக்கட்டை வெச்சு வித்தை காட்டுவார். நீங்க ஒரு சீட்டை மனசுல வெச்சுக்கிட்டுக் கட்டுல கலந்துடணும். அவர் கட்டோட சுவத்துல அடிப்பார். மத்த சீட்டெல்லாம் கீழ கொட்டும், உங்க சீட்டு மட்டும் ஆணியோட சுவத்துல குத்தி நிக்கும். 20ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில இது சிகாகோல பெரிய பேச்சு. அப்புறம் ஊர்ல பல பார்ல, சரக்கு ஊத்தித் தர்ற பார்டெண்டரே வித்தைக்காரரா இருக்கற பழக்கம் வந்துச்சு. காரணம் எளிசு. வித்தை ஓடிட்டிருந்தா வாடிக்கையாளர் எழுந்து போக மாட்டார், இன்னொரு கிளாஸ் சொல்வார்.

அந்தப் பழைய கடை இப்ப இல்ல. ஆனா அந்த மரபை வெச்சே 2018ல 'சிகாகோ மேஜிக் லவுஞ்ச்' திறந்தாங்க. வெளியில இருந்து பார்த்தா துணி துவைக்கிற கடை மாதிரி வாஷிங் மெஷின் வரிசையா இருக்கும். அதுக்குப் பின்னாடி ரகசியக் கதவு. தெரியாதவங்க பேசாம கடந்து போயிடுவாங்க.

லாஸ் ஏஞ்சலஸ் போறவங்களுக்கு 'மேஜிக் கேஸில்'. 1963 ஜனவரி 2ஆம் தேதி திறந்தது. ஹாலிவுட்ல ஒரு பழைய மாளிகை. உள்ள போக ஒரு புத்தக அலமாரியில உட்கார்ந்திருக்கற ஆந்தை பொம்மைகிட்ட அலிபாபா மந்திரம் சொல்லணும், அலமாரி திறந்துக்கும் :-) கார்டு வித்தையில குருவுக்கெல்லாம் குருன்னு சொல்ற டாய் வெர்னன், 1992ல சாகற வரைக்கும் கிட்டத்தட்ட முப்பது வருஷம் இங்கதான் சபை நடத்தினார். ஆனா இது சங்கம். உறுப்பினரா இருக்கணும், இல்ல உறுப்பினர் யாராவது விருந்தாளியா அனுப்பணும். கோட்டு, டை இல்லாம விட மாட்டாங்க. டி-சர்ட்டோட போய் வாசல்ல நிக்காதீங்க.

ஜப்பான்ல டோக்கியோ, ஒசாகா ரெண்டு ஊர்லயும் சின்னச் சின்ன மேஜிக் பார் நிறைய. குடிச்சதுக்குக் காசு தனி, உட்கார்ந்ததுக்குக் காசு தனின்னு பில் வரும், முன்னாடியே கேட்டுக்கங்க. லண்டன்ல யூஸ்டன் ஸ்டேஷன் பக்கத்துல 1905ல தொடங்கின 'மேஜிக் சர்க்கிள்' சங்கத்தோட கட்டிடம் இருக்கு. பொதுமக்களுக்குன்னு அப்பப்ப நிகழ்ச்சி வைப்பாங்க. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வழி இருக்கு: அந்த ஊர் மேஜிக் சங்கம் எதுன்னு தேடிக் கேளுங்க. எந்த பார்ல எந்தக் கிழமை யார் உட்கார்றாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். குடிக்காதவங்களும் தயங்காம போகலாம், ஆரஞ்சு ஜூஸ் வாங்கினாப் போதும்.

லண்டன்னு சொன்னதும் ஒருத்தரைப் பத்திச் சொல்லாம நகர முடியல.

1810 வாக்குல லண்டன்ல ஒரு விளம்பரம். ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்து நாலு அதிசய இந்திய வித்தைக்காரர்கள் வந்திருக்காங்கன்னு. திப்பு விழுந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது, அந்த ஊர்ப் பேருக்கு லண்டன்ல நல்ல விலை. 1813ல பால் மால் தெருவுல இந்திய வித்தைக்காரங்க ஆட்டம் சக்கைப்போடு போட்டது. இந்தக் கூட்டத்துல இருந்து பேர் வாங்கின ஆள் 'ராமோ சாமி'. ராமசாமி வெள்ளைக்காரன் வாயில அப்படி ஆயிட்டார். பேரைப் பார்த்தாலே தெற்கத்திக்காரர்.

அவர் என்னென்ன செய்தார்? தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து செப்படி வித்தை. நாலு பித்தளைப் பந்தை ஒரே நேரத்துல காத்துல நிறுத்தறது. வாள் விழுங்கறது. ஒரு பிடி மணியையும் ஒரு குதிரை முடியையும் தனித்தனியா வாயில போட்டு, கையால தொடாம, கோத்த மாலையா வெளிய எடுக்கறது. வில்லியம் ஹாஸ்லிட்னு பெரிய ஆங்கிலக் கட்டுரையாளர், 1821ல வந்த தன்னோட புத்தகத்துல 'இந்திய வித்தைக்காரர்கள்'னு ஒரு கட்டுரையே எழுதினார். அந்தப் பந்து வித்தையைப் பார்த்துட்டு, நான் எழுதறதுல எதையாவது இவ்வளவு பிசகில்லாம செய்ய முடியுமான்னு தன்னையே கேட்டுக்கறார். அது ராமசாமியைப் பார்த்து எழுதினதுன்னுதான் பலரும் சொல்றாங்க. 1819ல ராமசாமி அமெரிக்காவுக்கும் போய் பாஸ்டன், சேலம் (நம்ம சேலம் இல்லைங்க, அந்த ஊர் சேலம்) பக்கமெல்லாம் ஆடினார்.

செப்படி வித்தை நம்மகிட்ட மட்டும்தான் பிறந்துச்சுன்னு மார் தட்ட வேண்டாம். ரோம் நாட்டு செனகாவே 2000 வருஷத்துக்கு முன்னாடி கிண்ணமும் கூழாங்கல்லும் வெச்சு ஆடற வித்தையைப் பத்தி எழுதியிருக்கார். ஆனா ஆடற முறையில வித்தியாசம் உண்டு. அங்க மேஜை, அதுமேல துணி, கோட்டுல ஏகப்பட்ட பாக்கெட், ஜனங்க எதிர்ப்பக்கம் மட்டும். இங்க மேஜை கிடையாது, சட்டையும் பாதி நேரம் கிடையாது. தரைதான் மேடை. மரத்துல கடைஞ்ச குட்டிக் கிண்ணம், தலையில சின்னக் காம்பு, அதை விரல் இடுக்குல பிடிச்சுத் தூக்கணும். ஜனங்க சுத்தி வட்டமா, முதுகுக்குப் பின்னாடியும் நிப்பாங்க. இந்த நிலைமையில ஒரு பந்தை ஒளிக்கறதுன்னா சும்மாவா?

ராமசாமிக்கு அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வித்தை வேணும், ஆள் வேண்டாம்னு ஆச்சு. இங்கிலாந்துல பிறந்த ஐசாயா ஹியூஸ் அமெரிக்காவுல 'ஆவா நாட்டுப் பக்கிரி'ன்னு வேஷம் கட்டினார். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்கூட 1849ல முகத்துல மை பூசிக்கிட்டு 'ரியா ராமா ரூஸ்'ங்கற பேர்ல நண்பர்களுக்கு மேஜிக் காட்டினார். மணி கோக்கற வித்தை, ஊசி கோக்கற வித்தையா மாறி ஹூடினிக்குப் பேர் வாங்கிக் குடுத்தது. அதுக்கு அவங்க வெச்ச பேரே 'ஈஸ்ட் இந்தியன் நீடில் ட்ரிக்'.

போதாக்குறைக்கு 1890 ஆகஸ்ட்ல சிகாகோ ட்ரிப்யூன் ஒரு செய்தி போட்டது. இந்தியாவுல பக்கிரி கயிறை மேல எறிஞ்சான், பையன் ஏறி மறைஞ்சான், போட்டோவுல மட்டும் எதுவுமே விழலன்னு. நாலு மாசம் கழிச்சு அது சும்மா எழுதின கதைன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. மறுப்பை யார் படிச்சா? உலகமே கயிறு வித்தை கயிறு வித்தைன்னு அலைஞ்சது. 1934ல லண்டன் மேஜிக் சர்க்கிள்காரங்க, திறந்த வெளியில செஞ்சு காட்டினா 500 கினி பரிசுன்னு அறிவிச்சாங்க. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகிச்சவர் ஆம்ப்டில் பிரபு. யாருன்னு பார்த்தா, 1900லேர்ந்து 1906 வரைக்கும் நம்ம மெட்ராஸ் கவர்னர்! நடக்காத வித்தைக்கு 500 கினி. கண் முன்னாடி தெருவுல நிஜமா நடந்துட்டிருந்த வித்தைக்கு ஓரணா.

ராமசாமி 1850ல லண்டன்லயே செத்துப் போனார். நாப்பது வருஷம் மேடையில நின்ன மனுஷன். அடக்கம் பண்ணக் காசில்லாம, அவர் மனைவி எல்லன் பத்திரிகையில விளம்பரம் குடுத்து உதவி கேட்க வேண்டி வந்தது. அவர் பேர் என்னாச்சு தெரியுமா? 1886ல வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில 'ராமசாமி'ன்னா பொதுவா இந்துக்களுக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேர், குறிப்பா இலங்கைக் கூலிகளுக்குன்னு போட்டிருக்கு. சுருட்டு பத்த வைக்கற பஞ்சுத் திரிக்கும் அதே பேராம். இதுக்கும் நம்ம வித்தைக்காரருக்கும் நேரடித் தொடர்பு இருக்கணும்னு இல்ல, அது பொதுப்பேர். ஆனாலும் படிக்கறப்ப சுருக்குன்னுது.

சரி, வெள்ளைக்காரன் அப்படி. நாம?

நான் சின்னப் பையனா இருந்தப்ப ஆவடி மார்க்கெட் பக்கமும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கமும் மோடி மஸ்தான் வருவார். முதல்ல உடுக்கை சத்தம். தரையில சாக்குத் துணி, ஒரு மூட்டை, கூடைக்குள்ள பாம்பு. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருப்பார், கடைசி வரைக்கும் விட மாட்டார். நடுவுல போனா ரத்தம் கக்கிடுவேன்னு மிரட்டல் வேற. முடிவுல தாயத்து விப்பார். ஆனா அதுக்கு நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் அந்தக் கிண்ணங்களை எடுப்பார். "தம்பி, கையை இறுக்கி மூடிக்கோ"ன்னு ஒரு பையன் கையில ஒரு பந்தை வெப்பார். திறந்தா மூணு. அந்த அஞ்சு நிமிஷத்தைத்தான் சிகாகோக்காரன் சோபா போட்டு விக்கிறான்.

எங்க வீட்டுல என்ன சொல்வாங்க? "அங்க நிக்காதடா, பாக்கெட் அடிச்சிடுவான்." உங்க வீட்லயும் இதேதான் சொல்லியிருப்பாங்க.

சட்டமும் அப்படித்தான். மெட்ராஸ் மாகாணத்துல பிச்சை தடுப்புச் சட்டம் 1945லயே வந்தாச்சு. 1959ல வந்த பம்பாய்ச் சட்டத்துல பாட்டு, ஆட்டம், வித்தை காட்டிக் காசு கேட்கறதும் பிச்சைன்னே எழுதினாங்க. டெல்லிக்கும் அதையே நீட்டினாங்க, 2018லதான் டெல்லி உயர் நீதிமன்றம் அதோட பல பிரிவுகளை ரத்து பண்ணுச்சு. 1972 வன உயிரினச் சட்டத்துக்கப்புறம் பாம்பு வெச்சிருக்கறதும் குத்தம். அது நியாயமான சட்டம்தான், ஆனா கூட்டம் சேர்த்துக் குடுத்ததே அந்தப் பாம்புதானே. அப்புறம் டிவி வந்தது, தெருவுல வட்டமா நிக்க இடமும் போச்சு, நிக்க ஆளும் இல்ல.

பக்கத்துல கேரளாவைப் பாருங்க. வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரின்னு ஒருத்தர் (1903–1983). செப்பும் பந்தும்தான் அவரோட பெரிய வித்தை. பெரிய மனுஷங்க நடுவுல உட்கார்ந்து காட்டினார், சிஷ்யப் பரம்பரையே உண்டாச்சு, கேரள மேஜிக்குக்குத் தந்தைன்னு கொண்டாடறாங்க. வித்தை ஒண்ணுதான். இல்லத்துத் திண்ணையில உட்கார்ந்தா கலை, சாக்கு விரிச்சுத் தெருவுல உட்கார்ந்தா பிச்சையா? இதுக்கு மேல நான் விளக்கத் தேவையில்ல.

இங்கயும் மேஜிக்குக்கு மவுசு இல்லாம இல்ல. 2017ல 'மெர்சல்'ல விஜய் மேஜிக்காரரா வந்தப்ப தியேட்டரே அதிர்ந்தது. கல்யாண ரிசப்ஷன்ல மேஜை மேஜையா வந்து சீட்டு வித்தை காட்டற இளைஞர்களும் இப்ப இருக்காங்க. நல்லா செய்யறாங்க. பார்த்தா கை தட்டுங்க, 'எப்படிப்பா செஞ்சே'ன்னு நச்சரிக்காதீங்க.

ராமசாமியோட பேராவது தப்பும் தவறுமா லண்டன் பேப்பர்ல மிஞ்சியிருக்கு. ஆவடியிலயும் பூந்தமல்லியிலயும் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினவங்க பேர் ஒண்ணுகூட எங்கயும் எழுதி வெக்கல. உங்க ஊர்ல யாராவது பெரியவங்களுக்கு ஒரு மோடி மஸ்தான் பேர், ஊர், என்ன வித்தை காட்டினார்னு ஞாபகம் இருந்தா, கேட்டு ஒரு பதிவு போடுங்க மக்களே. ரெண்டு வரியா இருந்தாலும் பரவாயில்ல.

டிஸ்கி: மூணு பந்து ரகசியம் எனக்குத் தெரியும். தனி மடல்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன் :-)